அரையடி உயரத்தில் ஒரு நகரம்

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். மருந்துக் கடைக்குப் போனாலும் சரி, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாலும் சரி, சாலையில் இறங்கித்தான் நடப்பார். பக்கத்திலேயே பிளாட்பாரம் இருக்கும். “மேல ஏறி நடம்மா, வண்டி வருது” என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். ஒரு நாள் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் எறங்கி ஏறணும்ப்பா. கோயிலுக்குப் போறதுக்குள்ள இருபது தடவ. எனக்கு இருக்கிறது ரெண்டு முட்டி. நீ மேல நட, நான் கீழயே வரேன்.”

அன்று சாயங்காலம் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் வீட்டு எதிரே பிளாட்பாரத்தின் விளிம்பு, சாலையிலிருந்து 13 அங்குலம். நான்கு வீடு தள்ளி 11. முனையில், மழைநீர் வடிகாலுக்கு மூடி போட்ட இடத்தில், 15. வீட்டுக்கு வந்து மாடிப்படியை அளந்தேன். ஒரு படி, 7 அங்குலம். அம்மா ஒவ்வொரு முறையும் இரண்டு படியை ஒரே எட்டில் ஏற வேண்டியிருந்தது. அதட்டியதற்காக வெட்கமாக இருந்தது.

நடைபாதைகளை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதிமுறை ஒன்று இருக்கிறது. ‘ஐ.ஆர்.சி. 103’ என்று பொறியாளர்கள் சொல்வார்கள். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. குறுக்கே எந்தத் தடையும் இல்லாமல் நடப்பதற்கென்று குறைந்தது 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிப் போகிற அகலம் அது. 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு அங்குலம். அரையடி.

அன்றிலிருந்து அந்த டேப் என் பையிலேயே இருக்கிறது. மின்சாரப் பேருந்து வந்துவிட்டது, மெட்ரோ நீள்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் கொடுக்கும் செயலியும் கைக்கு வந்துவிட்டது. புகையில்லாத, நெரிசலில்லாத பயணத்தை நோக்கிச் சென்னை நகர்கிறது என்று சொல்ல இன்று நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் இந்தப் பயணங்கள் எதுவுமே பேருந்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில், காலில் தொடங்குகின்றன. அந்தத் தொடக்கத்துக்கு உள்ளாட்சி என்ன செய்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் நகரத்தை நடந்து சுற்றினேன்.

முதலில், நன்றாக நடந்த ஒரு காரியம்.

பனகல் பூங்காவிலிருந்து தியாகராய சாலையில் கால் வைத்தால் உடம்பே கொஞ்சம் தளர்கிறது. தோளை ஒடுக்கிக்கொள்ள வேண்டியதில்லை, முதுகுப் பக்கம் ஹாரன் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கிரானைட் இருக்கைகளில் ஜவுளிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டிகள் கால் நீட்டி இளைப்பாறுகிறார்கள். ஒரு குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடுகிறது, அம்மா பதறவில்லை. தி.நகரில் இப்படி ஒரு காட்சியைப் பத்து வருடத்துக்கு முன்னால் யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. டேப்பை விரித்தேன். அரையடிக்கு மேல் எங்கும் இல்லை. தெருக்கள் குறுக்கிடும் இடங்களில் ஏற்ற இறக்கமே தெரியாதபடி சரிவு கொடுத்திருக்கிறார்கள்.

பாண்டி பஜார் என்று ஊர் சொல்லும் இந்தச் சாலையின் நடைபாதை வளாகம் 2019 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் சென்னை மாநகராட்சி அமைத்தது. அதற்கு முன்னால் வண்டிகள் வருவதைத் தடுத்துச் சில நாட்கள் ஒத்திகை பார்த்தார்கள். பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தகம் கட்டத் தொடங்கினார்கள். சாலையின் இரு பக்கமும் கார்கள் பிடித்து வைத்திருந்த இடத்தை எடுத்து நடப்பவர்களிடம் கொடுத்தார்கள். சாலையை அகலப்படுத்தவில்லை, ஒரு கட்டடத்தையும் இடிக்கவில்லை. இருந்த இடத்தை வேறு மாதிரி பங்கிட்டார்கள், அவ்வளவே. அதற்கு இஞ்சினியர்களின் திறமை மட்டும் போதாது. ‘கார் நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும்’ என்ற கடைக்காரர்களின் பயத்துக்கு முன்னால் நின்று பதில் சொல்கிற தைரியமும் வேண்டும்.

இந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். அரசு அதிகாரியல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தது அவரிலிருந்துதான். நகரத்தை நகரத்தார் ஆள வேண்டும் என்று வாதாடியவரின் பெயருள்ள சாலையில், நடப்பவருக்கு முதல் மரியாதை கிடைத்திருப்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம்.

ஆனால் அங்கிருந்து உஸ்மான் சாலைக்குத் திரும்பிப் பாருங்கள். சில நூறு அடிக்குள் நகரம் பழையபடி தன் முகத்தைக் காட்டிவிடுகிறது. பாண்டி பஜாரிலேயேகூட இருசக்கர வண்டிகள் நடைபாதையின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்க ஆரம்பித்திருக்கின்றன.

ஒரு பழைய கணக்கு

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டத்தில் ஒரு சின்ன அட்டவணை உண்டு. என்னை மிகவும் யோசிக்க வைத்த அட்டவணை. 1970-ல் இந்த நகரத்து மக்கள் நூறு பயணம் போனால் அதில் 20 சைக்கிளில். 21 நடை. 41-க்கும் மேல் பேருந்தில். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்த்து இரண்டைக்கூட எட்டவில்லை. டிராம் அதற்குள் போய்விட்டது. 1895-ல் நாட்டிலேயே முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய ஊர் இது, 1953-ல் கம்பெனி நொடித்து அது நின்றுபோனது.

2008-ஐ ஒட்டி எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வுக்கு வாருங்கள். சைக்கிள் 20-லிருந்து 6 ஆகிவிட்டது. இருசக்கர மோட்டார் வண்டி 2-லிருந்து 25. பேருந்து 26. நடை 28. ரயில் 5. கார் 6.

இந்த எண்களைப் பார்ப்பவர்கள் வழக்கமாக இழப்பைத்தான் சொல்வார்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். நடை, பேருந்து, ரயில், சைக்கிள் நான்கையும் கூட்டுங்கள். 65 வருகிறது. மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு. உலகத்தின் பல பணக்கார நகரங்கள் பல்லாயிரம் கோடி செலவழித்து, மக்களைக் காரிலிருந்து இறக்கி இந்த இடத்துக்குக் கொண்டுவரப் படாதபாடு படுகின்றன. நாம் ஏற்கெனவே அங்கேதான் இருந்தோம். யாரும் திட்டம் போட்டு அல்ல, வசதி இல்லாததால். சென்னைக்கு நிலைத்த போக்குவரத்து என்பது புதிதாகக் கட்ட வேண்டிய ஒன்றல்ல. கையில் இருப்பது நழுவிப் போகாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. நடந்து போகிறவர் முதல் சம்பளத்தில் வண்டி வாங்கத் துடிப்பது ஏன்? வண்டி மேல் உள்ள மோகம் மட்டும் காரணமல்ல. நடப்பதில் உள்ள அவமானமும் பயமும்தான் அவரை ஷோரூமுக்கு அனுப்புகின்றன.

இது தெரிந்துதான் 2014-ல் சென்னை மாநகராட்சி, மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இந்திய நகரங்களில் இப்படி ஒரு கொள்கையை முதலில் ஏற்றது சென்னைதான். சைதை துரைசாமி மேயராகவும் விக்ரம் கபூர் ஆணையராகவும் இருந்த காலம். ஐ.டி.டி.பி. என்ற போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கூட நின்றது. கொள்கை வைத்த இலக்குகள் இவை: மாநகராட்சி தன் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும். 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நல்ல நடைபாதை. நடந்து போய் விபத்தில் சாகிறவர்களின் எண்ணிக்கையைப் பூஜ்ஜியம் ஆக்குவது. மேம்பாலங்களை மட்டுமே சாதனையாகச் சொல்லிப் பழகிய ஒரு நாட்டில், ஒரு மாநகராட்சி மன்றம் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டது சாதாரண விஷயமில்லை. எழும்பூரில் தெருத்தெருவாக அகலமான நடைபாதைகள் வந்தன. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை விளையாட விட்டார்கள்.

2018 வந்தது, போனது. 80 சதவீதம் வரவில்லை. சாலை விபத்துகளில் 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம்.

கொள்கை தோற்றதா? தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் அது கால் இடறியது என்பதைத் தெருவில் குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

பிளாட்பாரத்துக்குள் என்ன இருக்கிறது?

சென்னைக்காரர்கள் நடைபாதை என்று சொல்வதில்லை. பிளாட்பாரம். அந்தச் சொல்லோடு சேர்ந்து வருபவற்றைக் கவனியுங்கள்: பிளாட்பாரக் கடை, பிளாட்பாரத்தில் படுக்கிறவன், பிளாட்பாரத்தில் ஏறிய லாரி. நடப்பதைத் தவிர எல்லாமே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பேச்சுவழக்கு சில நேரம் நகரத்தின் வரைபடத்தைவிட உண்மையானது.

நம் பிளாட்பாரம் பல இடங்களில் பிளாட்பாரமே அல்ல. மழைநீர் வடிகாலின் மூடி. வடிகாலை எந்த மட்டத்தில் கட்டுகிறார்களோ அந்த மட்டத்தில் மேல் பலகை வரும். சாலை ஒரு மட்டம், வடிகால் ஒரு மட்டம். 2021 நவம்பர் மழையில் நகரம் மூழ்கிய பிறகு பல பகுதிகளில் புதிய வடிகால்கள் தோண்டப்பட்டன. தண்ணீர் வடிவதற்கு அது தேவைதான். பல தெருக்களில் அடுத்தடுத்த மழைகளில் பலன் தெரிந்தது. ஆனால் தோண்டியபோது உடைந்த நடைபாதை திரும்பி வரும்போது எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை வடிகாலின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. எங்கள் தெரு முனையின் 15 அங்குலம் அப்படி வந்ததுதான்.

அடுத்து, வாசல் சரிவுகள். கார் உள்ளே ஏறுவதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் பிளாட்பாரத்தை வெட்டி சிமென்ட் சரிவு போட்டுக்கொள்கிறார். கார் சுகமாக ஏறிவிடுகிறது. நடப்பவருக்கு அந்த இடம் ஒரு பள்ளம்; இறங்கி மறுபடி ஏற வேண்டும். விதிமுறைப்படி பார்த்தால் நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும், ஏறி இறங்குவது காரின் வேலை. நம் தெருக்களில் காருக்கு இருக்கிற முட்டியைவிட அம்மாவின் முட்டிக்குத்தான் வேலை அதிகம்.

பிறகு மின்வாரியத்தின் இணைப்புப் பெட்டி, டிரான்ஸ்பார்மர், தொலைபேசிக் கேபிள் பெட்டி, குடிநீர் வாரியத்தின் மூடி, விளம்பரத் தூண், நடுவில் ஒரு மரம். மரம் இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் ஒரே நாளில் நகரத்தின் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மே மாத மதியத்தில் பேருந்து நிறுத்தம் வரை நடப்பது எவ்வளவு கொடுமையானது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நிழல் இல்லாத நடைபாதை இந்த ஊரில் பாதி நடைபாதைதான். ஆனால் பெட்டிகளை நகர்த்தலாம். ஒரு பெட்டியை இரண்டடி உள்ளே தள்ளுவதற்கு மூன்று அலுவலகங்களின் கடிதம் வேண்டியிருக்கிறது. மாநகராட்சிப் பொறியாளர் மின்வாரியத்துக்கு எழுத வேண்டும். மின்வாரியம் மதிப்பீடு அனுப்ப வேண்டும். பணம் கட்டிய பிறகு மின்தடை நாள் குறிக்க வேண்டும். அதற்குள் ஒப்பந்ததாரரின் காலக்கெடு முடிந்து, பெட்டியைச் சுற்றியே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். நகரத்தின் பல பெட்டிகளைச் சுற்றி டைல்ஸ் அழகாக வெட்டி ஒட்டப்பட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த டைல்ஸ் ஒட்டியவரின் கைத்திறமையில் ஒரு குறையும் இல்லை.

பாண்டி பஜாரில் இது எப்படிச் சாத்தியமானது? தரைக்குக் கீழே போகும் குழாய், கேபிள், வடிகால் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில், ஒரே வரைபடத்தில் வைத்து, மேலே நடைபாதையைப் போட்டார்கள். ஒரு சாலையில் முடிந்தது மற்ற சாலைகளில் முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. ‘மெகா ஸ்ட்ரீட்ஸ்’ என்ற பெயரில் நகரத்தின் முக்கியச் சாலைகளை இதே முறையில் மாற்ற மாநகராட்சி திட்டம் வகுத்தது. ஆனால் ஒரு சாலையின் வெற்றி ஒரு நகரத்தின் வழக்கமாக மாறுவது எளிதல்ல.

இங்கே தள்ளுவண்டிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நடைபாதை ஆக்கிரமிப்பு என்றதும் லாரி வந்து நிற்பது பூக்காரம்மா முன்னால்தான். 2014-ல் நாடாளுமன்றம் இயற்றிய தெரு வியாபாரிகள் சட்டம், அவர்களைக் கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, இடம் ஒதுக்கச் சொல்கிறது. பாண்டி பஜார் வியாபாரிகள் அதற்குச் சற்று முன்பே மாநகராட்சி கட்டிய வணிக வளாகத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள். மாடிப்படி ஏறிப் போய்ப் பூ வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கார் நிற்கும் இடம் சுமார் 12 சதுர மீட்டர். அந்த இடத்தில் ஐந்தாறு தள்ளுவண்டிகள் நிற்கலாம், ஐந்தாறு குடும்பங்கள் சாப்பிடலாம். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெண் பயமில்லாமல் நடந்து போக முடிவது அங்கே ஒரு இட்லிக் கடையும் அதன் விளக்கும் இருப்பதால்தான். நாள் முழுக்க அசையாமல் நிற்கும் காரை விட்டுவிட்டு இட்லிக் கடையை அகற்றுவது எனக்குக் கடைசி வரை ஒப்பாத நியாயம்.

மண்டியிடும் பேருந்து

2021 மே மாதம், புதிய அரசு பதவியேற்ற முதல் நாளிலேயே, சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் திருநங்கைகளும் மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். அடையாளத்துக்கு முன்னும் பின்னும் ரோஸ் வண்ணம் பூசினார்கள். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு வாரக் காய்கறி, பால். இதைச் சலுகை என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 2018 ஜனவரியில் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தபோது பேருந்தை விட்டு இறங்கியவர்கள் பலர் மாதத் தவணையில் வண்டி எடுத்தார்கள். கட்டணத்தைக் குறைப்பது ஒரு போக்குவரத்துத் திட்டம். காற்றைக் காப்பாற்றும் திட்டமும்கூட.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. உலக வங்கி உதவியோடு முதல் கட்டமாக வரவேண்டிய 625-ல் முதல் தொகுதி. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135. இவற்றின் ஒரு சிறப்பு ஓசையில்லாமையும் புகையில்லாமையும். இன்னொன்று, அதைவிடப் பெரியது என்று நான் நினைப்பது, தளத்தின் உயரம். பழைய பேருந்துகளின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் அளவில் இருந்தது. தாழ்தளப் பேருந்துகளில் அது 400. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி வாங்கிய 400 மில்லிமீட்டர் அது. நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி ஒரு பக்கமாகச் சில சென்டிமீட்டர் தாழ்ந்து கொடுக்கிறது. யானை பாகனுக்குக் காலை மடக்கிக் கொடுப்பதுபோல. சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பலகை விரிகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். பேருந்துத் தளம் 40 சென்டிமீட்டர். நீங்கள் 15 சென்டிமீட்டர் உயர நடைபாதையில் நின்றால் ஏற வேண்டியது 25. வண்டி தாழ்ந்து கொடுத்தால் இன்னும் குறைவு. ஏறக்குறைய வீட்டு மாடிப்படி அளவு. சரிவுப் பலகையும் சாய்வு குறைந்து, தள்ளுவதற்கு எளிதாகிறது. அரையடி நடைபாதையும் தாழ்தளப் பேருந்தும் ஒன்றுக்கொன்று செய்து வைத்த ஜோடி.

ஆனால் பேருந்து நடைபாதையை ஒட்டி வந்து நிற்க வேண்டுமே. நிறுத்தத்தில் இரண்டு பைக், ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு கார் இருந்தால் ஓட்டுநர் நடுச்சாலையில் நிறுத்துகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பயணி பிளாட்பாரத்திலிருந்து 13 அங்குலம் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே நுழைந்து, தரையிலிருந்து முழு 40 சென்டிமீட்டரும் ஏறுகிறார். கோடிக்கணக்கில் வாங்கிய வண்டி மண்டியிடுகிறது. யாருக்கும் எட்டாத தூரத்தில்.

காரணம், வண்டியும் நிறுத்தமும் வேறு வேறு கைகளில் இருக்கின்றன. பேருந்து மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. புறநகர் ரயில் ரயில்வேக்கு. மெட்ரோ தனி நிறுவனம். பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறைக்கு. நிறுத்தத்தில் நிற்கும் காரை எடுக்க வேண்டியது போக்குவரத்துக் காவல். மாநகராட்சியிடம் இருப்பது பேருந்து செல்லும் சாலைகளில் சுமார் 387 கிலோமீட்டர், உட்புறத் தெருக்களில் சுமார் 5,270 கிலோமீட்டர், பல நிழற்குடைகள், விளக்கு, மரம், வடிகால். 1688-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி. 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, நடைபாதை என்ற ஒன்றே இல்லாத புறநகர்த் தெருக்கள் பலவும் அதன் மடியில் விழுந்தன. அந்தச் சுமையைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை.

இந்தக் கைகளையெல்லாம் கோர்ப்பதற்காகத்தான் ‘கும்டா’ என்ற ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேர் பேருந்தை விட்டு பைக்குக்கு மாறியிருப்பார்கள் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. ஆனால் தாமதமாக வந்ததும் வேலை செய்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில், பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே க்யூ.ஆர். டிக்கெட் எடுத்துப் போகலாம். மூன்று நிறுவனங்களின் கல்லாவை ஒன்றாக்க முடிந்தவர்களால், மூன்று அலுவலகங்களின் கடிதத்தை ஒன்றாக்கி ஒரு மின்பெட்டியை நகர்த்தவும் முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையத்துக்கு 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை அப்படிக் கைகள் கோர்த்ததால் வந்தது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் சிக்காமல் ரயிலிலிருந்து பேருந்துக்குப் போய்விடலாம். நல்ல காரியம். ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: வண்டிகள் தரையில் போக, மனிதர்களை மேலே ஏற்றுவதைத் தீர்வாகப் பழகிவிடக் கூடாது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் தரையையே மனிதர்களுக்கு விட்டிருக்கிறார்கள். கோவை ரேஸ் கோர்ஸில் காலையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால், இடம் கொடுத்தால் நம் மக்கள் நடக்கவே ஆசைப்படுகிறார்கள் என்பது புரியும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் தடையின்றி நடப்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அவை இருக்க வேண்டும், ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2023-ல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தைச் சமன் செய்யும் இலக்கை வைத்திருக்கிறது. ஆணையும் இலக்கும் வந்துவிட்டன. அவை எங்கள் தெருவின் 13 அங்குலம் வரை இறங்கி வருகின்றனவா என்பதைத்தான் டேப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அம்மாவை பாண்டி பஜாருக்கு அழைத்துப் போனேன். போகும்போது கிடைத்தது தாழ்தளப் பேருந்து. ஏறிய நிறுத்தத்தில் அதிர்ஷ்டவசமாக வண்டி எதுவும் நிற்கவில்லை; ஓட்டுநர் விளிம்பை ஒட்டியே கொண்டுவந்து நிறுத்தினார். கதவு திறந்ததும் வண்டி மெல்லத் தாழ்ந்தது. அம்மா ஒரு நிமிடம் தயங்கினார், எப்போதும்போலக் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார், பிறகு தேவையில்லை என்று கண்டுகொண்டவர்போல அப்படியே உள்ளே நடந்து போய்விட்டார். பாண்டி பஜாரில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கீழே பார்க்காமல் நடந்தார். கடைகளைப் பார்த்தார், கடைகளின் பெயர்ப் பலகைகளைப் பார்த்தார், பலூன் விற்பவரைப் பார்த்தார். பல வருடங்களாகத் தெருவில் அவர் பார்த்துக்கொண்டு நடந்தது தரையை மட்டும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பும்போது, “அடுத்த வாரமும் வரலாமா?” என்று கேட்டார்.

எங்கள் நிறுத்தத்தை அடைந்தபோது மணி ஏழரை. நிழற்குடைக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். பேருந்து சாலையின் நடுவில் நின்றது. அம்மா என் தோளைப் பிடித்துத் தார்ச்சாலையில் இறங்கினார். இரண்டு பைக்குகளுக்கு நடுவே நுழைந்து ஓரத்துக்கு வந்தோம். பிளாட்பாரம் பக்கத்தில் இருந்தது. ஏறச் சொல்லி நான் அதட்டவில்லை. அவருக்கு வலப்புறமாக, வண்டிகள் வருகிற பக்கத்தில் நான் நடந்தேன்.